மண் சுமந்த ஆறுகள்

இந்நாட்டில் வாழும் நம்மவர்க்கு மழையை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. விடியற்காலையில் மழை பெய்தால் ரப்பர் மரத்தின் பட்டை நனையும். பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தே தங்கள் வயிற்றுக் கணக்கைப் போட்டு வந்தனர். ஆதலின் மழையை நாம் நன்கறிவோம். வெள்ளத்தை அவ்வாறு அறிவோமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த கேள்வி.

வெள்ளம் வந்து வடிந்த பிறகு நம்மிடையே இருவகைப் பேச்சுக்கள் எழுவதுண்டு. 'எல்லாம் தலைவிதி; தெய்வக் குற்றம்' என்பது ஒன்று. 'இவ்வளவு மழை கொட்டினால் எவர்தாம் என்ன செய்ய முடியும்?' என்பது மற்றொன்று. முன்னது பக்தியின் குரலிலும் பின்னது அறிவின் குரலிலும் பேசப்படுகின்றன. ஆயினும் இரண்டும் நம்மை ஒரே இடத்திற் கொண்டுபோய் நிறுத்துகின்றன. யாரும் பொறுப்பாளியல்லர் என்பதே அவ்விடம். சென்ற நூற்றைம்பது ஆண்டுகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இந்த முடிவு ஒப்புடையதாகாது. மழைக்கும் வெள்ளத்திற்கும் நடுவே மூன்றாவது பொருளொன்று இருக்கிறது. அதுதான் மண். மண் எங்கிருந்து ஆற்றுக்கு வந்தது, அதனை அனுப்பியவர் யார், அதன் பயனை அடைந்தவர் யார், அதன் சுமையைத் தாங்கியவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், வெள்ளத்தின் கதை வேறு கதையாகிவிடும்.

நாட்டின் அமைப்பு

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். தீபகற்பத்தின் நடுவே தித்திவங்சா மலைத்தொடர் வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அதன் இருபுறத்திலும் ஆறுகள் பிறந்து கடலை நோக்கி ஓடுகின்றன. மலையில் அவை செங்குத்தாக விரைந்து இறங்குகின்றன. சமவெளியை அடைந்தவுடனே தயங்கித் தயங்கி வளைந்து செல்கின்றன. கடற்கரையை ஒட்டிய நிலம் மிகத் தாழ்வானது. கடல் ஏற்றமாயிருக்கும் நேரத்தில் ஆற்றுநீர் கடலுட் புகமாட்டாமல் பின்னுக்குத் தேங்கும். தீபகற்பத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரி ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரையில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கீழைக்கரையை நனைக்கிறது. இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மேலைக்கரையில் மாலைதோறும் இடியும் மழையும் வந்து போகின்றன.

இத்தகைய நாட்டில் ஆறு கரை கடப்பது புதுமையன்று. ஆற்றின் இருமருங்கிலும் உள்ள தாழ்நிலம் ஆற்றுக்கே உரியது. அஃது அதனை எப்பொழுதோ ஒருமுறை கேட்டு வாங்கிக் கொள்ளும். மலாய் மக்கள் இதனை அறிந்தே தங்கள் வீடுகளைத் தூண்களின்மீது உயர்த்திக் கட்டினர். ஆற்றங்கரையின் மேட்டைத் தேடிக் குடியிருந்தனர். நீர் வந்து வீட்டின் கீழே புகுந்து சென்றது. அவர்கள் வெள்ளத்தோடு பழகி வாழ்ந்தார்களேயன்றி, அதனைச் சாபமென்று கருதவில்லை.

ஆனால் ஒரு குடத்தில் பாதிக்கு மணலைக் கொட்டிவிட்டு, பழைய அளவு தண்ணீரை அதில் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியே வழியும். குற்றம் தண்ணீரின்மேல் இல்லை. ஆற்றின் செய்தியும் இவ்வளவே. படுகை உயர உயர, முன்பு அடங்கிச் சென்ற மழையே பின்பு ஊருக்குள் வரும். இதற்குச் சான்றாக ஓர் ஊரின் வரலாற்றைக் காண்போம்.

கோலக்குபு இருமுறை மாண்டது

சிலாங்கூரின் வடபாகத்தில், சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில், கோலக்குபு என்னும் ஊர் இருந்தது. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் அது. ஊருக்கு மேலே பழைய அணையொன்று நீரைத் தேக்கி நின்றது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், கனத்த மழைக்கிடையே அந்த அணை உடைந்தது. தேங்கிய நீர் முழுவதும் ஒரே வீச்சில் ஊர்மேற் பாய்ந்தது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன; பலர் மாண்டனர். ஜில்லாவின் அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் மாண்டவருள் ஒருவர்.

அந்த இரவின் நிகழ்ச்சிக்கு மக்கள் ஒரு காரணம் கண்டனர். ஆற்றில் வெள்ளை முதலையொன்று வாழ்ந்ததாம். அஃது ஆற்றைக் காக்கும் ஆவியாம். அதனை அந்த அதிகாரி சுட்டுவிட்டாராம். அதனால் ஆறு சினந்து எழுந்ததாம். இக்கதை இன்றுவரையில் அவ்வட்டாரத்தில் வழங்கி வருகிறது. உடைந்த அணை எனப் பொருள்படும் அம்பாங் பெச்சா என்பதே பழைய ஊர் இருந்த இடத்திற்குப் பிற்காலத்தில் பெயராயிற்று. கதையைக் கட்டியவர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டுவதில்லை. ஒரே இரவில் உற்றாரை இழந்தவர்கள் ஏதேனும் ஒரு காரணத்தைப் பற்றிக்கொள்வது இயல்பே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலையின்மேற் பழி போனபோது, பழைய அணையின் வலிமையை யார் பார்த்து வந்தனர், பழுது பார்ப்பது யார் கடமை என்னும் கேள்வி அமுங்கிப் போயிற்று.

கோலக்குபு மீண்டும் எழுந்தது. 1894இல் இருப்புப்பாதை அங்கு வந்தது. பகாங்கிற்குச் செல்லும் மலைப்பாதைக்கு அது வாயிலாயிற்று. கடைத்தெருக்கள் பெருகின. அப்பொழுது இரண்டாவது சாவு மெல்ல வரத் தொடங்கியது. இம்முறை அணை உடையவில்லை, முதலையும் வரவில்லை. மேலே மலைச்சரிவுகளில் ஈயம் எடுப்போர் மண்ணை நீரால் அலசி அலசி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தனர். மழை பெய்யுந்தோறும் அந்த மணல் கீழே இறங்கிற்று. ஆற்றின் படுகை ஆண்டுதோறும் உயர்ந்தது. வெள்ளம் வந்தது, வடிந்தது, வடிந்தபின் தெருவில் மணல் தங்கியது. அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம். கரைகளை உயர்த்திப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் சர்க்கார் ஊரையே கைவிடத் தீர்மானித்தது. நகரமைப்பு நிபுணர் சார்ல்ஸ் ரீட் என்பார் வகுத்த திட்டத்தின்படி, மேட்டு நிலத்தில் 1920களின் பிற்பகுதியில் கோலக்குபு பாரு என்னும் புதிய ஊர் எழுந்தது. தோட்டநகர் முறையில் அமைந்த அவ்வூரின் அழகை இன்றும் பலர் புகழ்கின்றனர். பழைய ஊரின் பெரும்பகுதி மணலுக்கடியிற் போயிற்று.

முதற்சாவு ஒரே இரவில் நேர்ந்தது. அதற்கு ஒரு கதை பிறந்தது. இரண்டாஞ்சாவு பல ஆண்டுகள் நடந்தது. அதற்குக் கதையே இல்லை. மெல்ல வரும் கேட்டினை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மக்களிடம் குறைவு. ஆனால் நமக்குப் பாடமாவது இந்த இரண்டாவதே.

ஈயமும் சேறும்

ஈயம் எடுப்பதென்பது மண்ணிலிருந்து ஈயமணலைப் பிரிப்பதாம். டன் கணக்கில் மண்ணை அலசினாற் சில ராத்தல் ஈயமணல் கிடைக்கும். எஞ்சிய மண் எங்கே போவது? அருகிலுள்ள ஓடைக்கே. மலைச்சரிவில் ஓடைநீரைத் திருப்பிவிட்டு மண்ணைக் கரைக்கும் 'லம்பான்' முறையும், குழாய்வழி நீரைப் பீய்ச்சி நிலத்தை இடிக்கும் முறையும் பெருகப் பெருக, ஆறுகளின் நிறம் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் உலகத்துக்கு வேண்டிய வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதியை இந்நாடே கொடுத்தது. அந்த ஈயம் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போயிற்று. அதனைப் பிரித்தபின் எஞ்சிய மண் இங்கேயே ஆற்றில் தங்கிற்று. இலாபம் ஒரு திசையிலும் சேறு ஒரு திசையிலும் சென்றன.

கோலாலம்பூரே இதற்கு மற்றுமொரு சான்று. ஆறுகள் கூடுமிடத்தைக் 'கூடல்' என்பது தமிழ் வழக்கு. கோலாலம்பூர் என்பதற்குச் 'சேற்றுக் கூடல்' என்றே பொதுவாகப் பொருள் கூறுவர். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கிள்ளானாறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் பக்கம் ஈயம் தேடிச் சென்றனர். படகு வந்து நிற்கும் இடமாதலின் அத்தாழ்நிலத்திலேயே ஊர் வளர்ந்தது. 1881ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெருந்தீ அவ்வூரை எரித்தது. அதே ஆண்டின் முடிவில் பெருவெள்ளம் எஞ்சியதை இடித்தது. அத்தாப்புக் கூரையும் மண்சுவரும் இவ்விரண்டிற்கும் ஈடுகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டிடங்களைக் கட்டுமாறு செய்தார். அதற்கு வேண்டிய செங்கற் சூளைகள் எழுந்த இடந்தான் பிரிக்பீல்ட்ஸ். பின்னாளில் இருப்புப்பாதைத் தொழிலாளராக வந்த நம் தமிழ் மக்கள் பலர் குடியேறிய பகுதியும் அதுவே. நகரத்தை வெள்ளத்தினின்று காக்கச் செங்கல் அறுத்த அதே ஆற்றோரத் தாழ்நிலத்தில் நம்மவர் குடியிருப்பு அமைந்ததென்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூர் அறிந்தவர் கையால்

இதுகாறும் ஈயத்தைப் பற்றிக் கூறினோம். நம் மக்களின் உழைப்பு நேராகத் தொடர்புற்ற பயிரைப் பற்றிக் கூறாது விடுவது நேர்மையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்குப் பெருவிலை ஏற்பட்டது. காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1930களில் மலாயாவில் ரப்பர் நின்ற நிலம் 30 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. காட்டின் அடியில் கிடந்த இலைச்சருகும் வேர்களும் மழையை உறிஞ்சி மெல்ல விடுக்கும் பஞ்சு போன்றவை. அவை போனபின் நிலத்தைக் காப்பது புல்லும் பூண்டுமே. ஆனால் துரைமார் அவற்றையும் விடவில்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களிற் பழகிய வழக்கத்தின்படி, மரத்தடியில் ஒரு புல்லும் நிற்கலாகாதென்பது அன்றைய தோட்ட முறை. லாலான் புல்லின்மேல் அவர்களுக்கிருந்த அச்சமும் இதற்கொரு காரணம். ஆகவே ஆணும் பெண்ணும் மண்வெட்டி கொண்டு மாதந்தவறாமல் நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக்கினர். அதனைப் பார்த்தவர் நல்ல தோட்டமென்று மெச்சினர். அடுத்த மழையில் அந்த மேல்மண் சரிவு வழியே ஓடி ஓடையிற் கலந்தது.

இத்தொழிலைச் செய்தவர் யார்? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் மூலம் வந்த உழவர் குடிகள். மழை குறைந்த அந்த ஊர்களில் ஏரியும் குளமுமே உயிர். ஏரியில் தூர் சேர்ந்தால் நீர் நிற்காது, கரை உடையும் என்பதை அங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். கோடையில் ஊர் கூடித் தூர் வாருவதும், வாரிய வண்டலை வயலிற் போடுவதும், கரையை உயர்த்துவதும் தலைமுறை தலைமுறையாக வந்த குடிமராமத்து வேலை. தூர் இன்னதென்று அறிந்த அந்தக் கைகளே, கடல் கடந்து வந்தபின், நாட்கூலிக்காக ஆறுகளுக்குத் தூர் அனுப்பும் வேலையிற் பூட்டப்பட்டன. அவர்களைக் குறை கூறுதல் தகாது. அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நிலத்தை இவ்வாறு மழித்துவிடலாகாதென்று அவர்களுட் கிழவர் எவரேனும் சொல்லியிருப்பார்.

பிற்காலத்தில் நிபுணர்களும் அந்த முடிவுக்கே வந்தனர். நிலத்தை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளை வளர்க்கவும், சரிவுகளைப் படிப்படியாக வெட்டவும், ஓடும் மண்ணைத் தடுக்கக் குழிகள் தோண்டவும் தோட்டங்கள் கற்றுக்கொண்டன. மண் மலிவான பொருளன்று என்பதைத் துரைமார் அறிவதற்குள் மேல்மண்ணில் பெரும்பகுதி ஆற்றுக்குப் போய்விட்டது.

செந்நீரும் மஞ்சள் நீரும்

1926ஆம் ஆண்டு டிசம்பர்க் கடைசியில் வந்த வெள்ளம் மலாயா முழுவதையும் உலுக்கியது. கிளந்தான், பகாங், பேராக், சிலாங்கூர் ஆகிய மாநிலங்களின் ஆறுகள் யாவும் பொங்கின. கோலாலம்பூர் நகருக்குள் நீர் புகுந்தது. கிளந்தானில் மலைச்சரிவுகள் சரிந்து ஆற்றிற் கலந்தமையால் நீர் செந்நிறமாக ஓடிற்று. ஆதலின் அம்மக்கள் அதற்குச் 'செவ்வெள்ளம்' எனப் பொருள்படும் 'பா மேரா' என்னும் பெயரை இட்டனர்.

ஈண்டு ஒரு தடையை எழுப்புவோர் இருக்கலாம். '1926இல் கிளந்தானின் உட்பகுதி பெரும்பாலும் காடாகவே இருந்ததன்றோ? காடு நின்றபோதும் அவ்வளவு வெள்ளம் வந்ததாயின், காடழிப்பையும் சுரங்கத்தையும் குறை கூறுவதெப்படி?' என்பர். இத்தடை நியாயமானதே. அளவுகடந்த மழை நாட்கணக்கிற் கொட்டுமாயின், நனைந்து நிரம்பிய காடும் அதனைத் தாங்காது. எல்லா வெள்ளமும் மனிதன் செய்ததென்று கூறுவது, எல்லா வெள்ளமும் தெய்வம் செய்ததென்று கூறுவதைப் போன்றதே. நாம் கூறுவது வேறு. நூறாண்டுக்கொருமுறை வரவேண்டிய நீர் அடிக்கடி வருவதும், முழங்காலளவு வரவேண்டியது கழுத்தளவு வருவதும், ஓரிரு நாளில் வடிய வேண்டியது வாரக்கணக்கில் நிற்பதும் எதனால் என்பதே நம் கேள்வி. மழையின் பங்கு மழைக்கு. மனிதனின் பங்கு மனிதனுக்கு. பங்கைப் பிரித்துக் காண்பதே அறிவு.

1926இன் அடி வீண்போகவில்லை. கோலாலம்பூரில் ஆற்றை நேராக்கவும் கரை கட்டவும் வேலைகள் நடந்தன. 1932இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா நிறுவப்பட்டது. ஆனால் ஆற்றைச் சரிசெய்யும் இலாகாவுக்கு, ஆற்றுக்கு மண் அனுப்பும் நிலத்தின்மீது அதிகாரம் இல்லை. நோய் ஒருவர் கையிலும் மருந்து மற்றொருவர் கையிலும் இருந்தன.

கிளந்தான் மக்கள் நீண்டகாலம் 1926ஐ வைத்தே பிற வெள்ளங்களை அளந்தனர். கோலக்கிராயில் ஆற்றங்கரைப் படிக்கட்டு ஒன்றுண்டு. நீர் எத்தனையாவது படியில் நிற்கிறதென்று பார்த்தே ஊரார் மூட்டை கட்டுவர். அங்கே அபாய அளவு 25 மீட்டர். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த அளவு 34 மீட்டரைத் தாண்டிற்று. உள்நாட்டிலுள்ள காகாவ் மலையில் சில நாட்களுக்குள் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. நாட்டில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இம்முறை நீரின் நிறம் மஞ்சள். 'பா கூனிங்', அதாவது மஞ்சள் வெள்ளம், என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. நீரோடு மரக்கட்டைகளும் மிதந்து வந்து வீடுகளை மோதின. வீடு வடிந்தபின் பார்த்தால் முழங்காலளவு சேறு. மேலே மலைநாட்டில் காடுகளை வெட்டித் தோட்டமிட்டதே கேட்டைப் பெருக்கிற்றென்று பலர் வாதிட்டனர். 1926இல் மலை தானே சரிந்தது. 2014இல் மலைமேல் மனிதன் ஏறியிருந்தான். கிளந்தான் கிராமத்தார் வெள்ளத்துக்கு நிறத்தாற் பெயரிட்டது நமக்கொரு நல்ல வழி காட்டுகிறது. நீரில் என்ன கலந்திருக்கிறதென்று பார்த்தால், அது எங்கிருந்து வந்ததென்பது விளங்கும்.

நகரத்தின் தாழ்நிலம்

இனி மேலைக்கரைக்கு மீள்வோம். 1971ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், இடைவிடாத மழையால் கிள்ளான், கோம்பாக், பத்து ஆகிய மூன்று ஆறுகளும் பெருகித் தலைநகரை மூழ்கடித்தன. 32 பேர் மாண்டனர். ஏறக்குறைய 1,80,000 பேர் துன்புற்றனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடரென்று அறிவித்தார். அதன்பின் அணைகள் எழுந்தன, கரைகள் உயர்ந்தன. 2007இல் 'ஸ்மார்ட்' என்னும் சுரங்கவழி திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அது, சாதாரண நாட்களில் ஒரு பகுதியில் வண்டிகளையும், பெருமழையில் வெள்ளநீரையும் சுமக்கிறது. பத்து, ஜிஞ்சாங் வட்டாரங்களில் பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் இன்று வெள்ளத்தைத் தேக்கும் ஏரிகளாகப் பயன்படுகின்றன. இவை மெச்சத்தக்க வேலைகளே.

ஆயினும் நகரத்தின் நடுவைக் காத்தால் மட்டும் நாட்டைக் காத்ததாகாது. 1985இல் ஈய விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் சில துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. நகரை ஒட்டியவை வீட்டுமனைகளாயின. லயங்களை விட்டு வெளியேற்றப்பட்ட நம் மக்கள் எங்கே போயினர்? மேட்டு நிலத்தில் மனை வாங்க அவர்களுக்குப் பணமில்லை. ஆற்றோரத்திலும், இருப்புப்பாதை ஓரத்திலும், பிறர் வேண்டாமென்று விட்ட தாழ்நிலத்திலும் குடிசை போட்டனர். அவர்தம் பிள்ளைகள் பின்னர் மலிவு விலை வீடுகளைத் தேடினர். மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் நிலத்தின் தாழ்வே. முன்பு தோட்டத்தில் உறிஞ்சப்பட்ட மழை இப்பொழுது தார்ச்சாலையிலும் ஓட்டுக்கூரையிலும் விழுந்து, நிமிஷத்திற்குள் கால்வாய்க்கு ஓடுகிறது. மனை வெட்டும் இடங்களிலிருந்து செம்மண்ணும் உடன் போகிறது. ஈயம் போயிற்று; ரப்பர் குறைந்தது; ஆற்றுக்கு மண் போவது மட்டும் நிற்கவில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில், ஒரு மாதத்து மழை ஒரே நாளிற் கொட்டியது. கிள்ளானாற்றின் ஓரத்திலுள்ள ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கூரை மட்டும் தெரிய மூழ்கிற்று. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தனர். அம்மாதத்து வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் முடிவிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வந்த வெள்ளங்களால் நேர்ந்த நட்டம் 610 கோடி வெள்ளியென்று கணக்கிடப்பட்டது. நட்டத்தை வெள்ளியில் எழுதுவது எளிது. கட்டில், மெத்தை, குளிர்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு, பெட்டியில் வைத்த திருமணப் புகைப்படம் ஆகியவை சேற்றில் ஊறிக் கிடப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? காகிதமே சான்றாக வாழும் எளிய குடும்பங்களுக்கு வெள்ளம் வீட்டை மட்டுமன்று, வரலாற்றையும் கொண்டு போகிறது.

கரையின் பங்கு

வெள்ளத்தையும் கரையையும் பற்றித் தமிழர் யாவரும் அறிந்த கதையொன்றுண்டு. வைகை பெருகியபோது பாண்டியன் கரையை அளந்து, வீட்டுக்கு ஆளொன்று வந்து தன் பங்கை அடைக்க வேண்டுமென்று ஆணையிட்டானாம். பிட்டு விற்றுப் பிழைத்த கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுந்ததாம். அவளுக்கு ஆளில்லாமையால் இறைவனே கூலியாளாய் வந்து மண் சுமந்தானென்பது கதை. புராணத்தை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. அக்கதைக்குள் ஓர் உலகியல் உண்மை இருக்கிறது. கரை ஊருக்குப் பொது. அதில் அனைவர்க்கும் பங்குண்டு. ஏழைக் கிழவிக்கும் விலக்கில்லை.

நம் நாட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. இங்கே வந்திகள் மட்டும் தங்கள் பங்கைச் சுமந்தனர். மலையைக் கரைத்து ஈயம் எடுத்தவர் பங்கு எங்கே? காட்டை வெட்டிக் கட்டை விற்றவர் பங்கு எங்கே? சரிவை இடித்து மனை விற்றவர் பங்கு எங்கே? அவர்கள் மண்ணை ஆற்றுக்கு அனுப்பினர். கீழே குடியிருந்தவர் அதனை வீட்டிலிருந்து வாரிக் கொட்டினர். 1920ஆம் ஆண்டின் நீர்ச்சட்டம், ஆறுகள் யாவும் அந்தந்த மாநில ஆட்சியாளர்க்கே உரியவை என்று கூறுகிறது. அச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உளது. அரசியலமைப்பின்படியும் நிலமும் ஆறும் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை. ஆகவே ஆறு யாருக்குரியதென்னும் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. உடைமை யாருடையதோ, பொறுப்பும் அவர்களுடையதே.

மக்கள் கேட்க வேண்டியவை மிகவும் எளியவை. நிலத்தை வெட்டுபவன் தன் மண்ணைத் தன் எல்லைக்குள்ளேயே நிறுத்த வேண்டும். ஆற்றோரத்து ஒதுக்கு நிலத்தில் மனை விற்கலாகாது. தாழ்நிலத்தில் வீடு விற்பவன், அவ்விடத்தில் முன்பு நீர் எவ்வளவு நின்றதென்பதை வாங்குவோர்க்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை, மக்களுக்கு விளங்கும் மொழிகளில், நீர் வருமுன் வரவேண்டும். வந்தபின் வருவது எச்சரிக்கையாகாது, இரங்கலாகும்.

நம் கடமையும் சிறிதளவேனும் உண்டு. நீர் நின்ற உயரத்தைச் சுவரிற் கோடிட்டு, ஆண்டையும் நாளையும் எழுதி வையுங்கள். வண்ணம் பூசும்போது அக்கோட்டை அழித்துவிடாதீர்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தில் வெள்ளத்தைப் பற்றிய ஏடொன்று இருக்கட்டும். பழைய ஆறு எங்கே ஓடியது, எந்தக் குட்டை தூர்க்கப்பட்டது, எந்தக் குன்று இடிக்கப்பட்டது என்பவற்றை முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு வாங்கப் போகும் பிள்ளைகள், வாசலின் அழகைப் பார்க்குமுன் அவ்வேட்டைப் பார்க்கட்டும். தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், பாலும் பாயும் கொடுத்த கணக்கைக் கேளாமல், மேலே மலையில் யாருக்கு எவ்வளவு நிலம் கொடுத்தீர்களென்று கேளுங்கள். சட்டியும் போர்வையும் கொடுப்பது தருமம். மண்ணைத் தடுப்பது நீதி. தருமத்தைப் பெற்றுக்கொண்டு நீதியை மறந்துவிடும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருந்து வருகிறது.

கோலக்குபு பாருவில் கடைத்தெருவும் பூங்காவும் மேட்டில் அழகாக நிற்கின்றன. அங்கே செல்லும் நம் இளைஞர்கள் சில கல் தொலைவிலுள்ள அம்பாங் பெச்சாவுக்கும் போய்வர வேண்டும். வெள்ளை முதலையின் கதையை அங்கு யாரும் சொல்வர். மணலின் கதையை நாம்தாம் கேட்டறிந்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.